பொத்தானுக்குச் சட்டை தைப்பது

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பூவேலை செய்து, ஏதோ காரணத்தால் தைக்கப்படாமலே நின்றுபோன வெயிஸ்ட்கோட் துணிகள் சில இன்றும் லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கத்தரி படாத பட்டு. முன்பக்க விளிம்பு நெடுகக் கொடி ஓடுகிறது. பையின் மூடி ஒரு மூலையில் தனியாகப் பூத்திருக்கிறது. இவற்றுக்கு நடுவே மிஞ்சிய வெற்றிடத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய கொடியிலிருந்து கிள்ளியெடுத்த மாதிரி ஒரே ஒரு பூ. அந்த வட்டங்கள்தான் பொத்தான்கள். இன்னும் பொத்தான் ஆகவில்லை, அவ்வளவுதான்.

அன்றைய வியாபாரத்தின் சாமர்த்தியம் இதில் இருக்கிறது. கோட்டில் பூவேலை வரும் எல்லாப் பகுதிகளையும் ஒரே பட்டில் வரைந்து, வேலையை முடித்து, வெட்டாமலே விற்றுவிடுவார்கள். வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்த் தையல்காரர் அவர் உடம்புக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ளலாம். பொத்தானும் அதே பட்டு, அதே நூல், அதே கையின் வேலை என்பதால் நிறம் ஓர் இழைகூட மாறாது. தமிழ்நாட்டில் ஆரி வேலை ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களுக்கு இந்த வரிசை புதிதல்ல. முதலில் துணியில் அளவைக் குறிப்பார்கள். பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை செய்வார்கள். கடைசியில்தான் டெய்லரின் கத்தரி வரும்.

பொத்தான் விஷயத்தில் இந்த வரிசையை மாற்றவே முடியாது. துணியைப் போர்த்தி முடித்த பொத்தானில் ஊசி நுழைய இடமில்லை. அடியில் மரமோ எலும்போ தட்டும். ஆகவே பூவை முதலில் சமதளத்தில் தைக்க வேண்டும். பிறகு அதை வளைந்த ஒன்றின் மேல், நடுவில் பிசகாமல் உட்காரவைக்க வேண்டும். சுலபமாகத் தோன்றும் இந்த இரண்டாம் படியில் மாட்டிக்கொண்டவர்களில் உலகின் பெரிய கணித மேதைகளும் உண்டு. அவர்களிடம் பிறகு வருவோம். முதலில் அளவு.

பொத்தான் வியாபாரிகள் சென்டிமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுடைய அலகு ‘லைன்’. ஓர் அங்குலத்துக்கு 40 லைன். சாதாரணச் சட்டைப் பொத்தான் 18 லைன், அதாவது 11 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பூவேலைக்கு வசதியான 36 லைன் பொத்தான் சுமார் 23 மில்லிமீட்டர். கையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்த அளவுதான்.

இந்த நாணய அளவு வில்லையை மூட எவ்வளவு துணி வேண்டும்? முகத்தை மட்டும் மூடினால் போதாது. விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் போய், ஏறக்குறைய நடுவரை வர வேண்டும். 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் வெட்டுவோம். அதன் பரப்பில் மூன்றில் ஒரு பங்குதான் முகத்தில் தெரியும். மீதி மூன்றில் இரண்டு பங்கு பின்னால் ஒளிந்துகொள்ளும். பூவேலைக்காரர் பட்டில் வட்டங்களை ஒட்டி ஒட்டிப் போடாமல் இடைவெளி விட்டிருப்பது ஏன் என்பது இப்போது புரியும். பூவைவிட, பூவுக்குப் பின்னால் மடியப்போகும் வெறுந்துணிக்கே அதிக இடம் தேவை.

இன்னும் விசித்திரம் விளிம்பில் இருக்கிறது. நாம் வெட்டிய வட்டத்தின் சுற்றளவு 126 மில்லிமீட்டர். அந்த விளிம்பு பின்பக்கம் மடிந்து நடுவுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்போது அதற்குக் கிடைக்கும் சுற்றளவு வெறும் 19 மில்லிமீட்டர். பத்து சென்டிமீட்டருக்கு மேல் துணி எங்கேயாவது காணாமல் போயாக வேண்டும். அதற்கான தந்திரம் நம் பாட்டிமார்களின் இடுப்பில் இருந்த சுருக்குப் பையின் தந்திரமேதான். வெட்டிய விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் நூலோட்டி, நடுவில் வில்லையை வைத்து, நூலை இழுத்தால் துணி மடிப்பு மடிப்பாகக் கூம்பிவிடும். தையல் சிறிதானால் மடிப்பும் சிறிதாகும், எண்ணிக்கை கூடும். 3 மில்லிமீட்டர்த் தையலாகப் போட்டால் இருபதுக்குக் குறையாத மடிப்புகள். பெரிய தையலாகப் போட்டால் ஏழெட்டு முரட்டு மடிப்புகள். அவை முன்பக்க விளிம்பில் முண்டு முண்டாகத் தெரிந்துவிடும். முகம் வழவழப்பாக இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது யாரும் பார்க்காத பின்பக்கத் தையல்.

இதுவரை பேசியது தட்டையான வில்லை. நல்ல பொத்தான் தட்டையாக இருப்பதில்லை, மெல்லக் குவிந்திருக்கும். அங்கேதான் உண்மையான வம்பு.

ஒரு காகிதத்தை எடுத்துப் பந்தின் மேல் சுருக்கமே இல்லாமல் ஒட்டிப் பாருங்கள். முடியாது. எவ்வளவு திறமை இருந்தாலும் முடியாது என்பதை 1827-இல் ஜெர்மானியக் கணித மேதை கார்ல் ஃபிரெடரிக் காஸ் நிறுவினார். ஒவ்வொரு பரப்புக்கும் ‘வளைமை’ என்று ஒரு பண்பு உண்டு, அதாவது அந்தப் பரப்பு ஒரு புள்ளியில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதன் அளவு. பரப்பை நீட்டாமல், கிழிக்காமல் என்னதான் மடக்கினாலும் உருட்டினாலும் அந்த எண் மாறாது. காகிதத்துக்கு அது பூஜ்யம், பந்துக்குப் பூஜ்யமல்ல. கதை முடிந்தது. உலகப் படங்களில் கிரீன்லாந்து ஊதிப்போய்த் தெரிவதற்கும் அடிப்படைக் காரணம் இதுவே.

நம் 23 மில்லிமீட்டர் பொத்தான் நடுவில் 5 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முகத்திலேயே சுமார் 9 மில்லிமீட்டர் சுற்றளவு உபரியாக நிற்கும். பின்பக்கத்து உபரியை மடிப்பில் மறைக்கலாம். முகத்தில் ஒரு மடிப்பு விழுந்தாலும் பொத்தான் பாழ். ஆனால் துணி போர்த்திய குவிந்த பொத்தான்கள் சுருக்கமே இல்லாமல் நம் கண்முன் இருக்கின்றனவே? காஸ் தோற்றாரா?

இல்லை. துணி என்பது காகிதம் அல்ல, அதுதான் விடை. நெய்த துணியில் பாவு நூல் நீளவாட்டிலும் ஊடை நூல் அகலவாட்டிலும் ஓடி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சதுரங்களை உண்டாக்குகின்றன. நூல் எதுவும் நீளுவதில்லை. ஆனால் இரண்டு நூல்கள் சந்திக்கும் இடம் ஒட்டப்பட்டதல்ல, அங்கே அவை திரும்ப முடியும். ஆகவே சதுரம் சாய்சதுரமாகச் சரியலாம். இதைச் ‘சாய்நெகிழ்வு’ என்று சொல்வோம். ஒரு கைக்குட்டையை நேராக இழுத்தால் அசையாது, மூலைவாட்டில் இழுத்தால் நீளும், குறுக்கே ஒடுங்கும். தையல்காரர்கள் கழுத்துப் பட்டிக்குக் கிராஸ் துணி வெட்டுவது இதற்காகத்தான். பொத்தானின் மேல் துணி உட்காரும்போது மூலைவாட்டில் உள்ள நான்கு பக்கங்களிலும் சதுரங்கள் சரிந்து ஒடுங்கி, அந்த உபரியை விழுங்கிவிடுகின்றன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ். 1878-இல் பாரிஸில் நடந்த அறிவியல் மாநாட்டில் அவர் பேசிய தலைப்பு, ஆடைகளை வெட்டுவது பற்றி! நீளாத நூல்களால் நெய்த துணி ஒரு வளைந்த பரப்பை எப்படி மூடும் என்பதற்கான சமன்பாட்டை எழுதி, பந்துக்குச் சட்டை தைக்க எந்த வடிவில் துணி வெட்ட வேண்டும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். பேச்சைக் கேட்கப் பாரிஸின் பெரிய தையல்காரர்கள் வந்திருந்ததாகவும், ‘மனித உடல் ஒரு கோளம் என்று வைத்துக்கொள்வோம்’ என்று அவர் தொடங்கியதும் எழுந்து போய்விட்டதாகவும் கணித வட்டாரத்தில் ஒரு கதை உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, அவர்கள் அவசரப்பட்டிருக்கக் கூடாது. மனித உடலுக்குப் பொருந்தாவிட்டால் என்ன, பொத்தானுக்கு அந்தக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும்.

இனி பூவேலைக்காரரின் சங்கடத்துக்கு வருவோம். துணி வளைவதற்கு நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று திரும்ப வேண்டும். பூவேலைத் தையல் செய்வதோ, அந்த நூல்களைச் சேர்த்துக் கட்டிப்போடுவது. நெருக்கமாகத் தைத்த இடத்தில் துணி கிட்டத்தட்டக் காகிதமாகிவிடும். காஸ் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்வார். அழகு கூடக் கூடப் பொத்தானாகும் தகுதி குறைகிறது! இதற்குக் கைவேலைக்காரர்கள் கண்டுபிடித்த வழி, பூவை நடுவில் நிறுத்தி, விளிம்பைச் சுற்றி ஒரு சிறிய வளையத்தை வெறுமையாக விடுவது. குவிந்த பொத்தானில் நடுப்பகுதி ஏறக்குறைய தட்டை. அங்கே தையல் அடர்த்தியாக இருக்கலாம். சரிவு கூடும் ஓரத்தில்தான் துணிக்கு நெகிழ்ச்சி தேவை. ஓரத்தில் அலங்காரம் வேண்டுமென்றால் தொடர்கோடாக இழுக்காமல், இடைவிட்டுப் புள்ளி புள்ளியாகப் பிரெஞ்சு முடிச்சுகள், அல்லது ஒவ்வொன்றாகச் சமிக்கி. பழைய பொத்தான்களில் ஓரத்துச் சமிக்கிகள் தனித்தனியாக நிற்பதை நான் வெறும் ரசனை என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். துணியின் மூச்சுக்கு விட்ட இடைவெளி அது.

சமிக்கி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்றைய சமிக்கிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பலவற்றில் நடுத்துளையிலிருந்து விளிம்புவரை மயிரிழை போல ஒரு பிளவு தெரியும். அது உடைசல் இல்லை, பிறப்பு அடையாளம். கம்பியை ஒரு குச்சியில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாட்டில் வெட்டினால் குட்டி வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஓர் அடி. வளையம் நசுங்கி, நடுவில் துளையுள்ள தகடாகிவிடும். வளையத்தின் இரு முனைகளும் சந்தித்த இடம்தான் அந்தப் பிளவு. துளையிட ஒரு கருவி, வெட்ட ஒரு கருவி என்ற தொல்லையே இல்லை.

அதே சுருளை நசுக்காமல் மெல்லிய கம்பியில் செய்து, அரிசி நீளத்துக்கு நறுக்கி, மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்துத் தைப்பதும் உண்டு. நம்மூர் ஆரிப் பொருள் கடைகளில் ஜர்தோசி என்று விற்பது இந்தச் சுருள்தான். ஜரிகையின் கதை இன்னும் பிரமாதம். வெள்ளித் தண்டின் மேல் மெல்லிய பொன்தகட்டைப் போர்த்தி, சிறிது சிறிதாகக் குறுகும் துளைகள் வழியே இழுத்துக்கொண்டே போவார்கள். தண்டு தலைமுடிபோல் மெலிந்த பிறகும் பொன் கிழிவதில்லை; வெள்ளியோடு சேர்ந்து தானும் மெலிந்து, மேற்பரப்பை முழுக்க மூடியே நிற்கும். அந்தக் கம்பியைத் தட்டித் தகடாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றினால் ஜரிகை. இவ்வளவு அருமையான பொருளைத் துணிக்குள் ஏற்றி இறக்கிப் பின்பக்கத்தில் வீணாக்க யாருக்கு மனம் வரும்? ஜரிகையைத் துணியின் மேலே படுக்கவைத்து, சன்னமான பட்டு நூலால் அங்கங்கே கட்டிப் பிடிப்பார்கள். பொன் முழுவதும் முகத்தில், கட்டு மட்டும் முதுகில். பிரெஞ்சு அரசவையின் வடிவமைப்பாளராக இருந்த சார்ல் ஜெர்மேன் த சேன்-தோபேன், பூவேலைக் கலை பற்றி 1770-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட நுட்பங்களை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் துணி போர்த்திய பொத்தான் எல்லா நாட்டிலும் இப்படிச் சீராட்டப்படவில்லை. இங்கிலாந்தில் அது ஒரு காலத்தில் குற்றம்!

நிஜமாகவே குற்றம். பட்டு நூலாலும் ஆட்டுரோம நூலாலும் பொத்தான் செய்து பிழைத்த ஏராளமான குடும்பங்கள் அங்கே இருந்தன. மரவில்லையின் மேல் நூலை நேரடியாகச் சுற்றிச் சுற்றிச் செய்வது அவர்கள் வேலை. தையல்காரர்கள் சும்மா இருப்பார்களா? கோட்டு வெட்டியதில் மிஞ்சிய துண்டுத் துணியையே வில்லையில் போர்த்திப் பொத்தானாக்கத் தொடங்கினார்கள். செலவே இல்லை, நிறமும் பொருந்தும். நூல்காரர்கள் நாடாளுமன்றத்தை அசைத்தார்கள். 1698-இல் தொடங்கி அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1720-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துணிப் பொத்தான் வைத்துத் தைத்த தையல்காரருக்கு டஜனுக்கு 40 ஷில்லிங் அபராதம். பொத்தான் ஒன்றுக்கு மூன்று ஷில்லிங்குக்கு மேல். அன்றைய பண்ணைக் கூலியாளுக்கு அது மூன்று நாள் சம்பளத்துக்குக் குறையாது. பிரான்சிலும் 1690-களில் பொத்தான்காரர் சங்கம் இதேபோன்ற தடையை வாங்கியிருந்தது. அந்த நாட்டில்தான் பிறகு பூவேலைப் பட்டு போர்த்திய பொத்தான் அரசவையில் கொடிகட்டிப் பறந்தது. சட்டத்தைவிட ஃபேஷனுக்கு ஆயுசு கெட்டி.

சட்டம் காப்பாற்ற நினைத்த அந்த நூல் பொத்தானையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ஏனென்றால் குவிந்த பரப்பின் சிக்கலை அது வேறு வழியில் ஒரேயடியாகத் தாண்டிவிடுகிறது. துணி ஒரு பரப்பு, நூல் ஒரு கோடு. கோட்டுக்குக் காஸின் தடை கிடையாது. ஆனால் அதற்கென்று ஒரு பிடிவாதம் உண்டு. இழுத்துக் கட்டிய நூல் எப்போதும் மிகக் குறுகிய பாதையைத்தான் தேடும். குவிந்த வில்லையில் உச்சியின் வழியாகப் போகும் பாதை நிலைக்கும், ஓரமாகக் குறுக்கே போட்டால் வழுக்கி விழும். ஆகவே முதலில் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, அடுத்தடுத்த நூலை முந்தியதன் மேல் சாய்த்து, ஒவ்வொரு நூலும் அடுத்ததைத் தாங்கும்படி நான்கு கால்பகுதிகளாகச் சுற்றிக்கொண்டே போவார்கள். தையலும் இல்லை, பசையும் இல்லை. முடிந்ததும் நான்கு முக்கோணங்கள் பளபளவென்று உச்சியில் சந்திக்கும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் இது இன்னும் ஒரு படி போனது. 1622-வாக்கில் ஆப்ரகாம் கேஸ் என்ற முன்னாள் படைவீரர் ஷாஃப்ட்ஸ்பரி ஊரில் பொத்தான் தொழிலைத் தொடங்கினார். முதல் மாதிரிகள், அந்த வட்டாரத்து ஆட்டுக்கடாவின் கொம்பை வில்லையாக அறுத்து, துணி போர்த்தி, அதன் மேல் லினன் நூலால் கூம்பாக எழுப்பியவை. பிறகு கொம்பு போய்க் கம்பி வளையம் வந்தது. வெறும் வளையம்! போர்த்துவதற்குப் பரப்பே கிடையாது. வளையம் முழுவதையும் காஜாத் தையலால் மூட வேண்டும். தையலின் முண்டு விளிம்பை விரலால் உள்பக்கம் திருப்ப வேண்டும். வளையத்தின் குறுக்கே நூலை மாறி மாறி ஓட்டி ஆரக்கால்கள் போட்டு, அவை கூடும் இடத்தை நடுவில் இழுத்துக் கட்ட வேண்டும். கடைசியில் ஒவ்வோர் ஆரக்காலையும் பின்தையலால் சுற்றிச் சுற்றிக்கொண்டு மையத்திலிருந்து வெளியே வர வேண்டும். இந்த நான்கு படிகளில் ஒரு வண்டிச் சக்கரம் பிறந்துவிடும். இங்கே நூல் போர்வை மட்டும் இல்லை, கட்டடமே அதுதான். வளையம் வெளியேயும் ஆரக்கால் உள்ளேயும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் விசைகள் சமன்பட்டு நிற்பதால்தான் அது தொய்யாமல் இருக்கிறது. சைக்கிள் சக்கரமும் இதே விசைக்கணக்கில்தான் நிற்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வயல்வேலையைவிட இது மேல். வீட்டுக்குள் செய்யலாம், மழையில் நனைய வேண்டாம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் டார்செட்டின் கிராமங்கள் இப்படிப் பிழைத்தன.

அவர்களை வீழ்த்தியது பர்மிங்காம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாண்டர்ஸ் என்பவர் சுருக்கு நூலுக்கே வேலையில்லாமல் செய்துவிட்டார். இரண்டு உலோகத் தகடுகள். மேல்தகட்டின் மேல் துணி, அதன் விளிம்பு உள்ளே மடியும். அடித்தகடு வந்து அழுந்தும்போது மேல்தகட்டின் ஓரம் வளைந்து அதைக் கவ்விக்கொள்ளும். துணியின் முனை இரண்டுக்கும் நடுவே சிறைப்படும். ஓர் அழுத்து, ஒரு பொத்தான். 1841-இல் லினன் துணிப் பொத்தானுக்கும் காப்புரிமை பதிவானது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சி இயந்திரப் பொத்தான்களை உலகுக்குக் காட்டியபின் டார்செட்டின் கைத்தொழில் சில ஆண்டுகளில் சரிந்தது. பல குடும்பங்கள் கடல்கடந்து புதிய நாடுகளுக்குப் போயின. சட்டங்கள் ஒரு காலத்தில் தடுக்கப் பார்த்த துணிப் பொத்தான், அழுத்து இயந்திரத்தின் துணையோடு வென்றுவிட்டது.

இன்று தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் உறைப்பொத்தான் வில்லைகள் அந்தச் சாண்டர்ஸ் பொத்தானின் வம்சம்தான். கிண்ணம் போன்ற மூடி, சில வகைகளில் உள்விளிம்பில் பல்வரிசை, பின்னால் அழுத்தி மூட ஒரு தகடு. பூவேலை செய்த துணியை இதில் போர்த்த விரும்புகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் போதும். பருத்தி, லினன் துணி என்றால் லேசாக ஈரப்படுத்திப் போர்த்த வேண்டும். ஈரத்தில் இழைகள் இளகி, நூல்கள் எளிதாகத் திரும்பும். காய்ந்ததும் அப்படியே இறுகிவிடும். சாயம் இறங்காத துணி, இறங்காத நூல் என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்தது, பூவின் பின்பக்கத்தில் முடிச்சு போடாமல் நூல்முனையைத் தையல்களுக்கு அடியில் செருகி விடுவது. இழுத்துப் போர்த்திய துணியில் ஒரு சின்ன முடிச்சுகூட முகத்தில் பருவாக எழும்பும்.

பூவேலைப் பொத்தானின் முகத்தில் துளைகள் இருக்காது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பூவின் நடுவே நான்கு ஓட்டை போட முடியுமா? அதனால் உடையோடு இணைக்கும் வேலை பின்னால் உள்ள காம்புக்குப் போய்விடுகிறது. காம்பு என்பது பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நிற்கும் குட்டைத் தூண். மேலே வந்து படியும் துணியின் கனத்துக்கு அது சமமாக இருக்க வேண்டும். குட்டையானால் காஜா சுருங்கி இழுபடும், நெட்டையானால் பொத்தான் தலைகவிழும். உலோகக் காம்பு நூலை அறுக்கிறது என்று கண்டு, சாண்டர்ஸின் மகன் அதற்குப் பதிலாகக் கேன்வாஸ் குச்சம் வைத்தார். ஊசி எந்தப் பக்கமிருந்தும் நுழையும், பொத்தானும் எந்தப் பக்கமும் சாயும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு பகை மிஞ்சுகிறது. காஜா. போடும்போது ஒரு முறை, கழற்றும்போது ஒரு முறை, அதன் இறுக்கமான விளிம்பு பூவைத் தேய்க்கும். சமிக்கி சிக்கும், சுருள்கம்பி இழுபடும். ப்ளவுஸின் முதுகில் வரிசையாகப் பொட்லி பட்டன் வைக்கும் நம் தையல்காரர்கள் இதற்காகக் காஜா எடுக்காமல் லூப் வைக்கிறார்கள். பல நேரம் அதுவும் ஒப்புக்குத்தான். உள்ளே ஹூக் இருக்கும், பளுவைத் தாங்குவது அதுதான். பிரெஞ்சு அரசவைத் தையல்காரர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்தார்கள். அந்தக் காலத்து ஆடம்பரக் கோட்டுகள் பலவற்றில் காஜாவைப் பட்டு நூலால் அழகாகத் தைத்திருக்கிறார்கள், நடுவே கத்தரி வைக்கவே இல்லை. எதிரே பூவேலைப் பொத்தான் நிற்கும், நுழைய வழி இருக்காது. கோட்டை மார்பில் சேர்த்துப் பிடிக்க, உள்பக்கம் யார் கண்ணிலும் படாமல் இரண்டு மூன்று கொக்கிகள்.